சூட்டில் சோராத காந்தம்

நிலைக்காந்தத்துக்குப் பகை இரண்டு. ஒன்று, எதிர்த்திசையில் வரும் காந்தப்புலம், மற்றொன்று, வெப்பம். மோட்டாரிலும் ஜெனரேட்டரிலும் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம் எதிர்ப்புலத்தை உண்டாக்குகிறது. அதே மின்னோட்டம் சுருளைச் சூடாக்கி, அருகில் இருக்கும் காந்தத்தையும் சூடாக்குகிறது. அறை வெப்பநிலையில் அளந்து சொன்ன வலிமை அந்த இடத்தில் அதிகம் உதவாது. 150 பாகை செல்சியஸில் எவ்வளவு மிஞ்சும், 300-ல் எவ்வளவு, 500-ல் ஏதாவது மிஞ்சுமா என்பதே கேள்வி. காந்தங்களின் வரலாற்றை வலிமையின் வரிசையில் எழுதினால் எஃகு, அல்நிகோ, சமாரியம் கோபால்ட், நியோடிமியம் என்று ஏறுமுகமாகப் போகும். வெப்பத்தை அளவுகோலாக வைத்தால் அந்த வரிசை குலைந்துவிடுகிறது. 1960-களில் பிறந்த ஒரு பொருளை, 1980-களில் வந்து சந்தையையே வாரிக்கொண்ட பொருளால் இந்தத் துறையில் மட்டும் இன்றுவரை அசைக்க முடியவில்லை.

எந்தக் காந்தப் பொருளுக்கும் கியூரி வெப்பநிலை என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும் ஒழுங்கு கலைந்துவிடும். நிக்கலுக்கு அது சுமார் 358 பாகை, இரும்புக்கு 770, கோபால்ட்டுக்கு 1,100-க்கும் மேல். ஆனால் நடைமுறையில் காந்தங்கள் அந்த எல்லைக்கு வெகு முன்பே தோற்றுவிடுகின்றன. எதிர்ப்புலத்தைத் தாங்கி நிற்கும் பண்புக்குக் காந்தநீக்குத் திறன் என்று பெயர். வெப்பம் ஏறும்போது, சமாரியம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள் சேர்ந்த பெரும்பாலான காந்தங்களில், காந்தத்தின் வலிமையைவிட இந்தத் திறன் வேகமாகச் சரிகிறது. நேரும் இழப்பும் ஒரே மாதிரியானதல்ல. ஆறியதும் தானாகத் திரும்பிவிடும் இழப்பு உண்டு. மறுபடி காந்தமேற்றினால்தான் சரியாகும் இழப்பு உண்டு. பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்தோ உள்கட்டமைப்பு மாறியோ போனால், என்ன செய்தாலும் மீளாத இழப்பும் உண்டு. முதல் வகையைப் பொறியாளர்கள் வரைபடத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கருவியைக் கெடுப்பவை மற்ற இரண்டும்தான்.

அருமண் காந்தங்களுக்கு முன்பு, சூட்டுக்கு அல்நிகோ ஒன்றுதான் கதி. கோத்தாரோ ஹோண்டா 1917-ல் ஜப்பானில் கோபால்ட் கலந்த கே.எஸ். எஃகைக் கொண்டுவந்தார். 1931-ல் தோக்குஷிச்சி மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியம் மூன்றும் சேர்ந்த எம்.கே. எஃகைக் கண்டறிந்தார். அதில் கோபால்ட்டும் செம்பும் சேர்ந்து வளர்ந்த குடும்பமே அல்நிகோ. அதன் கியூரி வெப்பநிலை 800 பாகைக்கும் மேல். 500 பாகைச் சூட்டிலும் வேலை செய்யும். குறை காந்தநீக்குத் திறனில் இருந்தது. அல்நிகோவைக் குட்டையாகச் செய்தால் அதன் சொந்தப் புலமே அதைப் பலவீனப்படுத்திவிடும். ஆகவே நீண்ட தண்டாகவோ லாட வடிவிலோதான் செய்ய முடிந்தது. பள்ளி ஆய்வகத்தில் லாடக் காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை ஒட்டிவைப்பதும் இதனால்தான். பிளாட்டினமும் கோபால்ட்டும் கலந்த காந்தத்துக்கு இந்தக் குறை கிடையாது. சிறிய அளவில் செய்தாலும் உறுதியாக நிற்கும். அதன் விலை பிளாட்டினத்தின் விலை. ரேடார், செயற்கைக்கோள் போன்றவற்றுக்குத் தவிர வேறு எதற்கும் அது கட்டுப்படியாகவில்லை. 1950-களில் பரவிய ஃபெரைட் மலிவானது. ஆனால் அதன் வலிமை பாகை ஒன்றுக்கு 0.2 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகும்.

அருமண் தனிமங்கள் இந்தக் கதைக்குள் வந்தது சுற்றுவழியில். அவற்றுக்கான முதல் பெரிய சந்தை வெளிச்சத்துக்கானது. காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். ஷோம்பர்க் என்னும் ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அது எங்கிருந்து வந்தது என்று தேடி 1909-ல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடைந்தார். தோரியத்தை எடுத்தபின் மிஞ்சும் சீரியம், லாந்தனம், நியோடிமியம், சமாரியம் முதலியவை கழிவு போலக் குவிந்தன. சிகரெட் லைட்டரின் பொறிக்கல்லுக்குக் கொஞ்சம் போனது, மற்றவற்றைக் கேட்பாரில்லை. வேதிப் பண்புகளில் இவை அவ்வளவு நெருக்கமானவை என்பதால், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தது இரண்டாம் உலகப் போர்க்கால அணுகுண்டுத் திட்டத்தின் துணைவிளைவு. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஃபிராங்க் ஸ்பெடிங் குழுவினர் அயனிப் பரிமாற்றப் பத்திகள் வழியே அருமண்களைத் தனித்தனியே பிரிக்கும் முறையைப் பெரிய அளவில் செயல்படுத்தினர். 1950-களில் தூய அருமண் உலோகங்கள் கிலோக் கணக்கில் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தன. அது நடந்திராவிட்டால் அடுத்த பத்தாண்டின் காந்த ஆய்வுக்கு மூலப்பொருளே இருந்திருக்காது.

தூய அருமண் உலோகங்களைத் தனியாக வைத்துக் காந்தம் செய்ய வழியில்லை. 1935-ல் ஜார்ஜ் உர்பேன் கடோலினியத்தின் வலுவான காந்தத்தன்மையைக் கண்டறிந்தார்; ஆனால் அதன் கியூரி வெப்பநிலை 20 பாகையை ஒட்டியது. சென்னையில் ஒரு மார்கழிக் காலையில்கூட அது நிலைப்பது சந்தேகம். மற்றவை அதைவிட மோசம். ஆனால் அருமண் அணுவில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அதன் உள்கூட்டில் உள்ள எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லாமல் நீண்டோ தட்டையாகவோ இருக்கும். படிகத்துக்குள் அமரும்போது அந்த மேகம் ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டுமே நிற்க விரும்பும். அதோடு அணுவின் காந்தத் திசையும் பூட்டப்பட்டுவிடும். திசைப்பிடிப்பை அருமண் கொடுக்க, உயர்ந்த கியூரி வெப்பநிலையைக் கோபால்ட் கொடுத்தால் இரண்டின் நன்மையும் ஒரே பொருளில் சேரும். 1960 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் கடோலினியம் கோபால்ட் துகள்களில் அசாதாரணமான காந்தநீக்குத் திறன் தென்பட்டது. ஆனால் அந்தச் சேர்மத்தில் கடோலினியமும் கோபால்ட்டும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒன்றின் வலிமையை மற்றொன்று தின்றுவிடுவதால், அதைப் பயனுள்ள காந்தமாக யாரும் கருதவில்லை.

திருப்பம் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நிகழ்ந்தது. அங்குள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தின் பொருளறிவியல் ஆய்வகத்தில் வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய கார்ல் ஸ்ட்ர்நாட்டும் கேரி ஹோஃபரும் பணியாற்றினர். 1966-ல் அவர்கள் ஆராய்ந்தது ஒரு பங்கு இட்ரியமும் ஐந்து பங்கு கோபால்ட்டும் சேர்ந்த சேர்மம். இட்ரியத்துக்குச் சொந்தமாகக் காந்தத் திருப்புத்திறன் கிடையாது. அப்படியிருந்தும் சேர்மம் காந்தத் திசையை இரும்புப்பிடியாகப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பிடிப்பு முழுக்கவும் கோபால்ட் அணுக்கள் அமர்ந்திருந்த முறையிலிருந்தே வந்தது. இதன் முக்கியத்துவம் பிற்பாடுதான் முழுதாக விளங்கியது. அருமண் தரும் பிடிப்பு சூட்டில் விரைவாகத் தளர்ந்துவிடும்; கோபால்ட் தரும் பிடிப்பு நின்று தாங்கும். 1967-ல் ஸ்ட்ர்நாட், ஹோஃபர் குழுவினர் சீரியம், பிரசியோடிமியம், சமாரியம் உள்ளிட்டவற்றின் கோபால்ட் சேர்மங்களை ஒரே குடும்பமாக அறிமுகப்படுத்தினர். அதில் சமாரியம் தனித்து நின்றது. அதன் திசைப்பிடிப்பு இரும்பினுடையதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். கியூரி வெப்பநிலையும் 700 பாகைக்கு மேல்.

பண்பு கையில் இருந்தது; காந்தம் இன்னும் இல்லை. முதல் மாதிரிகள் பொடியைப் பிசினில் ஒட்டிய கட்டிகள். பொடியை நெருக்கமாக இறுக்கினால்தான் வலிமை கிடைக்கும். இறுக்கும் முறை எதுவோ, அது காந்தநீக்குத் திறனைக் கெடுக்கவும் கூடாது. 1969, 1970-ஆம் ஆண்டுகளில் மூன்று இடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விடை கிடைத்தது. ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் வெஸ்டென்டார்ப்பும் புஷோவும் மிகை அழுத்தத்தில் பொடியை இறுக்கினர். ரேதியான் நிறுவனத்தில் தாஸ் சுட்டு இறுக்கும் முறையில் வெற்றி கண்டார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பென்ஸும் மார்ட்டினும், சமாரியம் கூடுதலாக உள்ள கலவைப் பொடியைச் சிறிது சேர்த்தனர். சூளைச் சூட்டில் அது உருகி, துகள்களுக்கிடையே பரவி, இடைவெளிகளை அடைத்துவிடும். காந்தத்தின் திறனை ஒற்றை எண்ணில் சொல்லும் ஆற்றல் பெருக்கம் 20 மெகாகாஸ் ஒர்ஸ்டெட்டை எட்டியது. பெருவாரியாகப் பயன்பட்ட அல்நிகோ ரகத்துக்கு அது 5 அல்லது 6.

தொழிற்சாலைகளில் நிலைபெற்ற செய்முறையின் படிகள் இன்றும் மாறவில்லை. உலோகங்களை வெற்றிடத்திலோ ஆர்கானிலோ உருக்கி வார்த்த கட்டி, கண்ணாடி போல நொறுங்கும். அதைச் சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக்குவார்கள். ஒவ்வொரு துகளும் ஒற்றைப் படிகமாக இருக்க வேண்டும். இந்தப் பொடி காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதால் நைட்ரஜன் சூழலிலேயே வேலை நடக்கும். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் துகள்கள் அனைத்தும் ஒரு திசைக்குத் திரும்பி நிற்கும். அந்த நிலையிலேயே அச்சில் அழுத்தி, 1,100 பாகைக்கு மேல் சூளையில் சுடுவார்கள். வெளிவரும் கட்டி பீங்கான் போல விளிம்பு உடையும். வைரச் சக்கரம் கொண்டு அறுத்துத் தேய்த்து, கடைசியில்தான் காந்தமேற்றுவார்கள்.

பிலிப்ஸ் ஆய்வகத்தில் இந்தப் பொடியோடு மல்லாடியபோது வேறொன்றும் தற்செயலாகக் கிடைத்தது. சமாரியம் கோபால்ட் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதும் அழுத்தத்தைக் குறைத்தால் வெளிவிடுவதும் தெரியவந்தது. அந்தத் தடத்தில் போய்ச் சேர்ந்த இடம் லாந்தனம் நிக்கல் சேர்மம். அதிலிருந்து பிறந்தது நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரி. 1990-களின் பிற்பகுதியில் வந்த ஹைபிரிட் கார்களின் பேட்டரி அதுதான்.

புதிய காந்தத்தின் முதல் வாடிக்கையாளர்கள் விலையைப் பார்க்காதவர்கள். ரேடாரிலும் செயற்கைக்கோள் தகவல் தொடர்பிலும் பயன்படும் மைக்ரோஅலைக் குழாய்களில் எலக்ட்ரான் கற்றையை ஒடுக்கிப் பிடிக்கச் சிறு வளையக் காந்தங்கள் வரிசையாக வேண்டும். பிளாட்டினம் கோபால்ட் இருந்த அந்த இடத்தைச் சமாரியம் கோபால்ட் பிடித்தது. வெப்பநிலை மாறினால் கற்றை நழுவும் என்பதால் இங்கே நிலைத்தன்மை எல்லாவற்றுக்கும் மேலானது. முன்பு ஒதுக்கப்பட்ட கடோலினியம் அப்போது கைகொடுத்தது. வெப்பம் ஏறும்போது கடோலினியத்தின் எதிர்த்திசை வலிமை வேகமாகக் குறையும். கோபால்ட்டின் வலிமையோ மெதுவாகத்தான் குறையும். சமாரியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கடோலினியம் சேர்த்தால் இரண்டு குறைவுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி, குறிப்பிட்ட வெப்ப வரம்புக்குள் காந்தத்தின் வலிமை ஏறக்குறைய மாறாமல் நிற்கும். மொத்த வலிமையில் சிறிது போய்விடும் என்பது அதற்கான விலை. ஏவுகணை, விமானம் ஆகியவற்றின் திசைகாட்டும் கருவிகளுக்கு அந்த விலை பொருட்டாக இல்லை. பொதுமக்களிடமும் இந்தக் காந்தம் சத்தமில்லாமல் நுழைந்தது. சோனி 1979-ல் வாக்மனோடு கொண்டுவந்த எடை குறைந்த ஹெட்ஃபோனுக்குள் இருந்தது சமாரியம் கோபால்ட்.

முதல் தலைமுறைக் காந்தம் சுமார் 250 பாகை வரைதான் நம்பத்தக்கது. எடையில் மூன்றில் ஒரு பங்கு சமாரியம் என்பதும் சுமையாக இருந்தது. இரண்டு பங்கு சமாரியத்துக்குப் பதினேழு பங்கு கோபால்ட் என்ற சேர்மத்தில் சமாரியம் குறைவு, காந்த வலிமை கூடுதல், கியூரி வெப்பநிலை 800 பாகைக்கும் மேல். ஆனால் அதைத் தனியாகச் செய்து பார்த்தபோது காந்தநீக்குத் திறன் கிட்டவில்லை. வழியைத் திறந்தது செம்பு. 1968-ல் பெல் ஆய்வகத்தில் நெஸ்பிட் குழுவினரும் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் தவாராவும் சென்னோவும், செம்பு சேர்த்த கலவை பொடியாக்காமலேயே கட்டியாக உறுதிபெறுவதைக் காட்டினர். இரும்பும் சிர்கோனியமும் பின்னால் சேர்ந்தன. 1977-ல் டி.டி.கே. நிறுவனத்தில் ஓஜிமா குழுவினர் சமாரியம், கோபால்ட், இரும்பு, செம்பு, சிர்கோனியம் என்ற ஐந்து உலோகக் கலவையில் 30 மெகாகாஸ் ஒர்ஸ்டெட்டை எட்டினர். இன்று உயர்வெப்பக் காந்தம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கலவையின் வாரிசுதான்.

இதன் ரகசியம் கலவையைவிட சூளையில் இருக்கிறது. சுமார் 1,200 பாகையில் சுட்ட கட்டியை 1,170 பாகையை ஒட்டி வைத்திருந்து திடீரென்று குளிர்விப்பார்கள். அந்த நிலையில் அளந்தால் காந்தநீக்குத் திறன் அநேகமாக இல்லை. பிறகு 800 பாகைக்கு மேல் பல மணிநேரம் வைக்கும்போது, ஒரே சீராக இருந்த பொருள் உள்ளுக்குள் பிரிகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள அறைகள் உருவாகின்றன. அறைக்குள் இருப்பது 2:17 சேர்மம். அறைகளைச் சூழும் மெல்லிய சுவர் முதல் தலைமுறைக் காந்தத்தின் 1:5 சேர்மம். அதற்குப் பிறகும் காந்தம் தயாராகவில்லை. நிமிடத்துக்கு ஒரு பாகைக்கும் குறைவாக, 400 பாகை வரை, பத்து மணிநேரம் போல ஆற வேண்டும். அந்த மெதுவான இறக்கத்தில்தான் செம்பு அறைகளிலிருந்து விலகிச் சுவர்களில் சேர்கிறது. காந்தநீக்குத் திறன் பன்மடங்கு ஏறுகிறது. எதிர்ப்புலம் வரும்போது காந்தத் திசை மாறும் எல்லைக்கோடு பொருளுக்குள் நகர்ந்துதான் பரவ முடியும். செம்பு செறிந்த சுவரில் அந்தக் கோடு சிக்கிக்கொள்கிறது. சிர்கோனியம் குறுக்கே அமைக்கும் மெல்லிய தகடுகள், உலோக அணுக்கள் ஓடிச் சேர்வதற்கான பாதை ஆகின்றன. இவ்வளவும் மின்னணு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே சூளைக்காரர்களின் கைக்குறிப்பாக வந்துவிட்டது என்பது உலோகவியலில் புதிய செய்தி அல்ல.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு போர். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி ஜைரின் ஷாபா மாகாணத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1978 மே மாதம் கிளர்ச்சிப் படை கோல்வேசி சுரங்க நகரைப் பிடித்தது. சில நாள்களில் நகர் மீட்கப்பட்டாலும் கோபால்ட் விலை பல மடங்கு எகிறியது. கோபால்ட்டுக்குப் பதில் இரும்பைப் போட முடியுமா என்ற தேடல் எங்கும் சூடுபிடித்தது. ஃபுஜித்சு நிறுவனத்தில் இருந்த மசாத்தோ சகாவாவுக்கு அந்த எண்ணம் சில மாதங்கள் முன்பே, 1978 ஜனவரியில் ஒரு கருத்தரங்கில் தோன்றியிருந்தது. அருமண் இரும்புச் சேர்மத்தில் இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதால் கியூரி வெப்பநிலை தாழ்ந்திருக்கிறது என்று பேச்சாளர் சொன்னார். போரான் போன்ற சிறு அணுவை நுழைத்தால் இடைவெளி விரியும் என்று சகாவா கணித்தார். நிறுவனம் அதில் ஆர்வம் காட்டாததால் 1982-ல் விலகி, சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் சேர்ந்தார். சில மாதங்களுக்குள் நியோடிமியம் இரும்பு போரான் காந்தம் பிறந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட், உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தில் பாய்ச்சி நொடிப்பொழுதில் உறையவைக்கும் வழியில், தனியாகவே அதே சேர்மத்தை அடைந்தார். 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் நடந்த மாநாட்டில் இரு தரப்பும் முடிவுகளை வெளியிட்டன.

சுமிட்டோமோவின் முதல் காந்தமே 36 மெகாகாஸ் ஒர்ஸ்டெட். இரும்பு மலிவு, நியோடிமியம் சமாரியத்தைவிடப் பல மடங்கு அதிகமாகக் கிடைப்பது. கணினி ஹார்டு டிஸ்க் தொடங்கிச் சந்தை அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரிய குறை ஒன்று: கியூரி வெப்பநிலை 312 பாகை. பாகை ஒன்றுக்கு வலிமையில் சுமார் 0.12 சதவீதமும் காந்தநீக்குத் திறனில் 0.6 சதவீதமும் போகும். இரண்டாம் தலைமுறைச் சமாரியம் கோபால்ட்டில் இந்த எண்கள் முறையே 0.03-ம் 0.2-ம். எதுவும் கலக்காத நியோடிமியம் காந்தம் 80 பாகையைத் தாண்டினாலே ஆட்டம் காணும்.

மருந்தாகக் கிடைத்தது டிஸ்புரோசியம். நியோடிமியம் அணுக்கள் சிலவற்றுக்குப் பதில் அதைப் போட்டால் திசைப்பிடிப்பு வெகுவாக ஏறும். ஆனால் டிஸ்புரோசியம் இரும்புக்கு எதிர்த்திசையில் நிற்பது. சேர்க்கச் சேர்க்கக் காந்தம் வலிமை இழக்கும். வணிகத்தில் காந்தங்களின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் இந்தப் பேரத்தின் விலைப்பட்டியல் போன்றவை. எம் என்றால் 100 பாகை, ஹெச் 120, எஸ்.ஹெச் 150, யு.ஹெச் 180, இ.ஹெச் 200. எழுத்து ஏற ஏற, அதற்கு முன்னால் உள்ள வலிமை எண் இறங்கும். 1997-ல் டொயோட்டா பிரியஸ் வந்து, கார் மோட்டார்கள் 150 பாகைக்கு மேல் சூடாகத் தொடங்கியபோது டிஸ்புரோசியத்துக்குத் தேவை பெருகியது. தெற்குச் சீனத்தில், ஜியாங்சி போன்ற மாகாணங்களின் களிமண் படிவுகள்தான் அப்போது அதற்கு முக்கிய ஊற்று. 2010-ல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டை வெட்டியதும் அடுத்த ஆண்டு விலை உச்சத்துக்குப் போனது. சிக்கனத்துக்கான வழிகளும் அந்தக் காலகட்டத்தில்தான் வேகம் பிடித்தன. காந்தம் தோற்பது படிகத் துகளின் மேற்பரப்பில் தொடங்குவதால், டிஸ்புரோசியத்தை உள்ளே முழுக்கக் கலக்காமல், வெளியே பூசிச் சூடாக்கித் துகள்களின் விளிம்புகளில் மட்டும் ஊறவைத்தனர். ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் துகளையே மிக நுண்ணியதாக்கி, 2016-ல் கனமான அருமண் எதுவும் சேராத காந்தத்தைக் காருக்குள் கொண்டுவந்தன. இத்தனை செய்தும் 200 பாகையைச் சற்றுக் கடப்பதோடு நியோடிமியத்தின் ஓட்டம் நின்றுவிடுகிறது. 312 என்ற எண்ணைப் பூச்சால் மாற்ற முடியாது.

அந்த எல்லைக்கு மேலே அருமண் காந்தங்களில் சமாரியம் கோபால்ட் போட்டியின்றி இருந்தது. எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில் இறங்கும் துரப்பணக் கருவிகளும் விண்கலங்களின் அயனி இயந்திரங்களும் அதையே நம்பின. 1998-ல் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் இயந்திரம் அதற்கு ஓர் உதாரணம். 1990-களில் அமெரிக்க விமானப்படை இன்னும் ஒரு படி மேலே கேட்டது. விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களையும் மசகு எண்ணெயையும் குறைத்து எல்லாவற்றையும் மின்சாரத்தில் இயக்கும் திட்டம் அது. ஜெனரேட்டர் இயந்திரத் தண்டிலேயே அமர வேண்டும். தண்டு காந்தத் தாங்கிகளில் மிதக்க வேண்டும். காந்தம் 450 பாகைக்கு மேல் தாங்க வேண்டும். அப்போதைய 2:17 காந்தங்கள் 300 முதல் 350 பாகையோடு நின்றன.

விடை மீண்டும் டேட்டன் பக்கமிருந்து வந்தது. டேட்டன் பல்கலைக்கழகம், டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹாஜிபனாயிஸ் குழு, பென்சில்வேனியாவின் எலெக்ட்ரான் எனர்ஜி கார்ப்பரேஷன் ஆகியவை 1990-களின் இறுதியில் அந்த ஐந்து உலோகக் கலவையின் விகிதங்களைத் திருப்பிப் போட்டன. இருபது ஆண்டுகளாக வலிமைக்காக இரும்பைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள், இப்போது குறைத்தார்கள். சமாரியத்தையும் செம்பையும் கூட்டினார்கள். அறைகள் சிறுத்தன, சுவர்கள் பெருகின. சில விகிதங்களில் வெப்பம் ஏறும்போது காந்தநீக்குத் திறன் குறைவதற்குப் பதில் ஒரு வரம்புக்குள் கூடவும் செய்தது. 400 முதல் 550 பாகை வரை வேலை செய்யும் ரகங்கள் விற்பனைக்கு வந்தன. 550 பாகைக்கான ரகத்தின் ஆற்றல் பெருக்கம் 16 மெகாகாஸ் ஒர்ஸ்டெட். 1969-ல் எட்டிய 20-ஐவிடக் குறைவு. முப்பது ஆண்டு முன்னேற்றத்தைச் சூட்டுக்காகத் திருப்பிக் கொடுத்தது போலத் தோன்றும். ஆனால் 500 பாகையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்ற அருமண் காந்தம் எதுவும் களத்திலேயே இருக்காது. அந்தச் சூட்டில் ஆக்சிஜனேற்றம் புதுத் தலைவலியானது. காற்றில் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சமாரியத்தை இழக்கிறது. நிக்கல் போன்ற பூச்சு இல்லாமல் நீண்ட காலம் ஓட்ட முடியாது.

கோபால்ட் இல்லாத மாற்றுகளும் முயலப்பட்டன. 1990-ல் டப்ளினில் கோயியும் சன்னும் சமாரியம் இரும்புச் சேர்மத்துக்குள் நைட்ரஜனைப் புகுத்தி, கியூரி வெப்பநிலையை 470 பாகைக்கு மேல் உயர்த்தினர். நியோடிமியத்தைத் தோற்கடிக்கும் எண்தான். ஆனால் 600 பாகையை ஒட்டிச் சூடாக்கினால் அது சிதைந்துவிடுவதால் சுட்டு இறுக்க வழியில்லை. பிளாஸ்டிக்கில் ஒட்டிய காந்தமாகவே அது நிற்கிறது. பிளாஸ்டிக்கின் எல்லையே அதன் எல்லை ஆகிவிடுகிறது.

நியோடிமியத்தின் எழுச்சிக்குப் பின் சமாரியம் பெரும்பாலும் பிரிப்பு ஆலைகளின் உபரிப்பொருளாக இருந்தது. அந்த அலட்சியம் வழங்கலை ஓரிடத்தில் குவித்துவிட்டது. 2022 செப்டம்பரில் எஃப்-35 போர் விமானத்தின் ஒரு பாகத்தில் சீனக் கலவையாலான சமாரியம் கோபால்ட் காந்தம் இருப்பது தெரிந்து, விமானங்களை ஒப்படைப்பது சில வாரம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா ஏழு அருமண்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியது. பட்டியலில் டிஸ்புரோசியம், டெர்பியத்தோடு சமாரியமும் இருந்தது, நியோடிமியம் இல்லை. காந்தங்களைப் பொறுத்தவரை, சூட்டைத் தாங்க வைக்கும் தனிமங்களே குறிவைக்கப்பட்டன.

இந்தியக் கடற்கரை மோனசைட்டில் நியோடிமியத்தோடு சமாரியமும் ஓரளவு உண்டு, டிஸ்புரோசியம் துளிதான். மணவாளக்குறிச்சி, சவரா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் மணல் அள்ளும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்துக்குச் சமாரியம் கோபால்ட் இயல்பாகவே பொருந்தும் காந்தம். விசாகப்பட்டினத்தில் பாபா அணு ஆராய்ச்சி மைய வளாகத்தில் அந்நிறுவனம் அமைத்த ஆலை 2023 மே 11-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தொழில்நுட்பம் அந்த மையமும் ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் தந்தது. ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 3,000 கிலோ. மின்சாரக் கார் ஒன்றின் மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ காந்தம் பிடிக்கும் என்பதால், கார்ச் சந்தைக்கு இந்த அளவு எம்மூலைக்கும் போதாது. அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு ஆகிய துறைகளின் தேவையை மனத்தில் கொண்டே ஆலை திட்டமிடப்பட்டது.